விட்டு, ஒட்டி, தாண்டி

பள்ளிக்கூடத்து ஆங்கில உரைநூல்களில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கும். இடப்பக்கம் 'டர்ன் ஆஃப்', 'டர்ன் அப்', 'டர்ன் டவுன்', 'டர்ன் இன்'. வலப்பக்கம் அணை, வந்து சேர், மறு, படுக்கப் போ. நான்கிலும் வினை ஒன்றுதான். பின்னால் நிற்கும் சிறுசொல் மாறியதும் பொருள் வேறெங்கோ போய்விடுகிறது. ஏன் போகிறது என்று பட்டியல் சொல்லாது. பிள்ளைகள் உருப்போட்டுத் தேர்வெழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தச் சிறுசொற்களைப் பட்டியலிலிருந்து எடுத்துச் சாலையில் விட வேண்டும் என்பது என் எண்ணம். சாலையில் அவை இன்றும் சொன்னதைச் சொன்னபடியே குறிக்கின்றன. 'ஆஃப்' என்றால் விலகல். 'டவுன்' என்றால் இறக்கம். 'ரவுண்ட்' என்றால் சுற்று. மற்ற பொருள்களில் பலவும் இந்தச் சாலையிலிருந்து கிளைத்துப் போனவையே.

அயலார் இதில் திணறுவார்கள் என்பது ஆங்கிலேயருக்கு நெடுங்காலமாகவே தெரியும். 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் இந்தக் கூட்டு வினைகளைத் தனியே எடுத்துப் பேசுகிறார். அயல்நாட்டாருக்கு இவையே பெருந்தொல்லை என்று எண்ணி, அகராதிக்குள் அக்கறையோடு சேர்த்ததாகச் சொல்கிறார். பெயர் கிடைத்தது வெகு பின்னால்தான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி வாய்ச்சொல்லாகத் தந்த பெயரை, லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தன் நூலில் அச்சேற்றினார். வழக்கோ பழையது. பழைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட திசைச் சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. நாளடைவில் அவை கழன்று வினைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டன. 1066க்குப் பிறகு நார்மன் பிரபுக்களோடு பிரெஞ்சு வந்தது. படித்தவர்களோடு லத்தீன் வந்தது. அவை விலகுதல், இறங்குதல், திரும்புதல் எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொற்களைக் கொடுத்தன: 'டைவர்ஜ்', 'டிசெண்ட்', 'ரிட்டர்ன்'. ஆடு ஓட்டியவனும் வண்டி ஓட்டியவனும் 'டர்ன் ஆஃப்', 'கோ டவுன்', 'கம் பேக்' என்றே பேசினார்கள். இன்றைக்கும் பிரிட்டனில் சாலையை வெட்டிப் போட்டால் மஞ்சள் பலகையில் 'டைவர்ஷன்' என்று லத்தீன் வழிச் சொல் நிற்கும். அந்தப் பலகையைப் பார்த்துக் குழம்பிய ஒருவர் கண்ணாடியை இறக்கி வழி கேட்டால், கிடைக்கும் பதிலில் ஆஃப், அப், ரவுண்ட், பேக் எல்லாம் இருக்கும்.

'டர்ன் ஆஃப்' என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். 'டர்ன் லெஃப்ட்' என்றால் இடப்பக்கம் திரும்பு, அவ்வளவுதான். 'டர்ன் ஆஃப்' அப்படியல்ல. விட்டு விலகுவதற்கு ஒன்று இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. அந்த ஒன்று பெரும்பாலும் பெரிய சாலை. சந்திலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறுபவரிடம் 'டர்ன் ஆஃப்' என்று சொல்வது வழக்கமில்லை. நெடுஞ்சாலையிலிருந்து சந்துக்குள் போகிறவருக்கே அது. ஆக, அந்தச் சின்ன 'ஆஃப்' சாலைகளுக்குள் பெரியது எது சிறியது எது என்பதையும் சொல்லிவிடுகிறது. விட்டு வந்ததின் நினைவு அதற்குள் இருக்கிறது. 1958இல் பிரெஸ்டன் நகரைச் சுற்றிப் பிரிட்டனின் முதல் மோட்டார்வே திறக்கப்பட்டது; மறுவருடம் எம் 1. புதுவகைச் சாலைக்குப் பொறியாளர்கள் புதுச் சொற்களை வைத்தார்கள். ஓட்டியவர்கள் 'ஆன்', 'ஆஃப்' என்ற பழைய இரண்டையே எடுத்துக்கொண்டார்கள். மோட்டார்வேயில் ஏறுவது 'கெட் ஆன்'. பதினைந்தாவது ஜங்ஷனில் வெளியேறுவது 'கம் ஆஃப்'. குதிரைக்கும் இதே சொற்கள்தான்.

தமிழில் இதற்கு ஈடாக நாம் சொல்வது 'இறங்கு' என்பது. 'மெயின் ரோட்ட விட்டு எறங்கி உள்ள போகணும்' என்று சொல்லாத ஊர் இல்லை. வயற்காட்டு ஊர்களில் இது கண்ணால் காணும் உண்மை. தார்ச்சாலை கரைபோல உயரத்தில் ஓடும். வண்டிப்பாதை அதன் சரிவில் கீழே இறங்கும். இங்கிலாந்தின் தெற்கில் பழைய பாதைகளின் கதை நேர்மாறானது. இளகிய மணற்பாறையில் நூற்றாண்டுக்கணக்கில் வண்டிச் சக்கரமும் குளம்பும் மழைநீரும் அரைத்து, பாதையே பள்ளமாகிவிட்டது. டார்செட் பக்கம் சில இடங்களில் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர் நிற்கிறது. அதை 'ஹாலோவே', குழிந்த வழி என்கிறார்கள். லண்டனில் ஒரு வட்டாரத்துக்கே அந்தப் பெயர் உண்டு. ஊர்ப்பாதைக்குள் நுழைவதை நாம் 'இறங்குதல்' என்கிறோம். குழிந்த பாதைகளின் நாட்டுக்காரர்கள் 'விலகுதல்' என்கிறார்கள். மண்ணின் வடிவம் மட்டுமே சொல்லைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. எதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. உயரத்தை நினைப்பவர் இறங்குகிறார். பெரிய சாலையை நினைப்பவர் விலகுகிறார்.

இந்தச் சொற்களைப் புழங்கியவர்கள் யார் என்று தேடிப்போனால் ஒரு பழைய சமூகமே எழுந்து வருகிறது. சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து போவதை 'பேர் லெஃப்ட்' என்கிறார்கள். திசை காட்டும் இந்த 'பேர்' கப்பலோட்டிகளின் வாயில் வெகுகாலம் புழங்கியது. 'பேர் அவே', 'பேர் ஆஃப்' என்று காற்றையும் கரையையும் பார்த்துப் பாய்மரக்காரர்கள் சொன்னவை. 'மேக் ஃபார்' என்று ஓரிடத்தை நோக்கிப் போவதும் அவர்களோடு வளர்ந்ததுதான். வந்த வழியே மடங்கித் திரும்புவது 'டபுள் பேக்'. துரத்தும் நாய்களை ஏமாற்ற முயல் தன் தடத்திலேயே மடங்கி ஓடுவதை வேட்டைக்காரர்கள் 'டபுள்' என்றார்கள். வண்டியை நிறுத்துவது 'புல் அப்': கடிவாளத்தை மேலே இழுத்தால் குதிரை நிற்கும். காரில் கடிவாளம் இல்லை, இழுப்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் போக்குவரத்துக் காவலர் சைகை காட்டினால் ஓட்டுநர் ஓரங்கட்டுவது 'புல் ஓவர்'தான். போகப்போகப் பாதை தேய்ந்து புல்லில் மறைந்துவிட்டால் 'பீட்டர் அவுட்'. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சுரங்கங்களில் தாதுப் படலம் மெலிந்து தீர்ந்துபோனதைச் சொல்லிய பேச்சு அது. கப்பலும் குதிரையும் போய்விட்டன. அந்தக் கைகள் செய்த அசைவுகள் மட்டும் சொல்லில் தங்கிவிட்டன.

'அப்', 'டவுன்' இரண்டும் இன்னும் விசித்திரமானவை. மேடு பள்ளம் இல்லாத தட்டையான தெருவிலும் ஆங்கிலேயர் ஒரு கடைக்கு 'டவுன் த ரோட்' போவார். இன்னொரு கடை 'அப் த ரோட்' இருக்கும். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் லண்டனுக்குப் போவது மரபாக 'அப்'. வடக்கே மலைநாட்டிலிருந்து இறங்கி வரும் ரயிலுக்கும் லண்டன் நோக்கிப் போனால் அப் லைன்தான். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்வது 'கோ அப்'. அங்கிருந்து வெளியேற்றப்படுவது 'சென்ட் டவுன்'. உயரம் இங்கே அதிகாரத்தின் உயரம். ஆங்கிலேயர் இங்கே தண்டவாளம் போட்டபோது 'அப்', 'டவுன்' இரண்டும் ரயிலோடு வந்து இறங்கின. நம் ரயில்வே கால அட்டவணைகளில் அவை இன்னும் இருக்கின்றன.

நமக்கும் ஒரு மேலும் கீழும் உண்டு. அது தலைநகரத்தைப் பார்த்து அமைந்ததில்லை. மேற்கில் 'மேல்' இருக்கிறது, கிழக்கில் 'கீழ்' இருக்கிறது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல். நீர் ஓடும் திக்கில் நிலம் சாய்கிறது, சொல்லும் சாய்கிறது. 'மேக்கால போனா', 'கெழக்கால திரும்பினா' என்று வழி சொல்லும் ஊர்களில் இடம், வலம் இரண்டாம்பட்சம்தான். 1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்தார். நகரத்துத் தமிழர்கள் இடம், வலம் என்று பேசிய இடத்தில் கிராமத்துத் தமிழர்கள் திசைகளைச் சொன்னார்கள். கைக்கெட்டும் தூரத்துப் பொருளுக்கும் அவர்களுக்குத் திசை உண்டு. பேசுவது ஒரே மொழி, நடப்பது வேறு வேறு உலகம். ஆங்கிலத்தின் சிறுசொற்களைப் பற்றி வியக்கும்போது நம் வாசலில் இருக்கும் இந்த வியப்பையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். எங்கள் தலைமுறையோடு மேக்கால, கெழக்கால இரண்டும் நகரங்களில் ஏறத்தாழ முடிந்துவிட்டன. அது எனக்கு வருத்தம்தான்.

இரண்டு மொழிக்கும் பொதுவான ஒன்றும் உண்டு. அசையாமல் கிடக்கும் சாலையை இருவருமே நடக்கவிடுகிறோம். 'இந்த ரோடு எங்கப்பா போவுது?' என்று கேட்கிறோம். அவர்களுக்கும் சாலை 'ரன்ஸ் அலாங்', 'வைண்ட்ஸ் அப்', 'கட்ஸ் அக்ராஸ்', 'ப்ராஞ்சஸ் ஆஃப்'. லெனார்டு டால்மி என்ற மொழியியலாளர் இதைக் கற்பனை அசைவு என்று வகைப்படுத்தினார். டீனி மேட்லாக் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதனைக்கு உட்படுத்தியது. கரடுமுரடான நிலத்தில் மெதுவாக நடந்த பயணத்தைப் பற்றிப் படித்தவர்கள், அதன்பின் 'சாலை பள்ளத்தாக்கின் ஊடே ஓடுகிறது' என்பதுபோன்ற வாக்கியத்தையும் மெதுவாகவே படித்தார்கள். விரைவான பயணத்தைப் படித்தவர்கள் அதே வாக்கியத்தை விரைவாகப் படித்தார்கள். சாலை ஓடுகிறது என்று வாசிக்கும்போது உள்ளுக்குள் யாரோ உண்மையிலேயே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வரைபடக்காரர் ஜான் ஓகில்பி சாலையின் இந்தப் போக்கைப் படமாகவே போட்டுவிட்டார். 1675இல் அவர் வெளியிட்ட 'பிரிட்டானியா'வில் நூறு தகடுகள். இங்கிலாந்து, வேல்ஸ் சாலைகளைச் சக்கரம் உருட்டி அளந்து, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வரைந்திருந்தார். நாட்டின் வடிவம் அதில் இல்லை. நீண்ட காகிதச் சுருளைப் பட்டை பட்டையாக விரித்ததுபோல் சாலை மட்டும் கீழிருந்து மேலே போகிறது. பயணி ஏற வேண்டிய குன்று நிமிர்ந்து நிற்கும். இறங்க வேண்டிய குன்று தலைகீழாக நிற்கும். பிரியும் கிளைச்சாலையை ஒரு சிறு துண்டாக மட்டும் காட்டி, அது இன்ன ஊருக்கு என்று எழுதி விட்டுவிடுவார். சுருளைப் பிடித்திருப்பவர் அங்கே திரும்பப்போவதில்லை, ஆகவே மீதி தேவையில்லை. 'ஆஃப்', 'அப்', 'டவுன்', 'பாஸ்ட்' ஆகிய நான்கையும் வரைந்துகாட்டச் சொன்னால் இப்படித்தான் வரைய முடியும். எனக்குத் தெரிந்த வரைபடங்களில் பேச்சுக்கு மிக அருகில் வருவது இதுவே.

சிறுசொல் சில இடங்களில் கண்ணையும் மீறும். பிரிட்டனில் ரவுண்டானாவில் நேரே எதிர்ச்சாலைக்குப் போக வேண்டுமென்றால் 'கோ ஸ்ட்ரெய்ட் ஓவர்' என்பார்கள். நடுவில் மேடும் புல்லும் இருக்கும். யாரும் அதன் மேல் ஏறிப் போவதில்லை. இடப்பக்கமாக வளைந்து பாதிச் சுற்றுச் சுற்றித்தான் போக வேண்டும். 1966இல் சுற்றுக்குள் இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை என்ற விதி வந்த பிறகு ரவுண்டானாக்கள் பெருகின. 1972இல் ஸ்விண்டன் நகரில் ஐந்து சிறு ரவுண்டானாக்களைச் சேர்த்து ஒரு பெரிய ரவுண்டானாவே கட்டினார்கள். அங்கேயும் மக்கள் நேரே போவதாகத்தான் பேசுகிறார்கள். சக்கரம் வளைந்தாலும் பயணம் வளையவில்லை என்பதே அந்த 'ஓவர்' சொல்வது. ஓட்டுபவரின் நோக்கத்தை அது குறிக்கிறது. வண்டி போட்ட கோட்டைக் குறிக்கவில்லை.

சிறுசொல் இல்லாத வழிப்பேச்சும் ஆங்கிலத்தில் உண்டு. அதைக் கேட்க லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களிடம் போக வேண்டும். 1865 முதல் நடந்துவரும் 'நாலெட்ஜ்' என்ற தேர்வுக்காக அவர்கள் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் ஆரத்துக்குள் ஏறக்குறைய 25,000 தெருக்களையும், பாடநூலில் உள்ள 320 வழித்தடங்களையும் மனத்தில் ஏற்றுகிறார்கள். மூன்று நான்கு வருடங்கள் பிடிக்கும். எலினார் மக்வையர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஓட்டுநர்களின் மூளையில் இடநினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. இருவராக உட்கார்ந்து வழித்தடங்களை வாய்விட்டு ஒப்பிப்பதற்கு 'காலிங் ஓவர்' என்று பெயர். முதல் வழித்தடம் மேனர் ஹவுஸ் ரயில் நிலையத்திலிருந்து கிப்சன் சதுக்கத்துக்கு. 'லீவ் ஆன் லெஃப்ட்' என்று தொடங்கி, பிறகு ரைட், லெஃப்ட், ஃபார்வர்ட் என்ற சொற்களும் தெருப்பெயர்களும் மாறிமாறி வரும். ரவுண்டானா வந்தால் 'கம்ப்ளை', அதிலிருந்து வெளியேற 'லீவ் பை'. தேவாலயமும் இல்லை, பாலமும் இல்லை, ஏற்றமும் இறக்கமும் இல்லை. அறிந்தவர் அறிந்தவரிடம் சொல்லும்போது தெருப்பெயரே எல்லாவற்றையும் சுமக்கிறது. ஆஃப், பாஸ்ட், அலாங், ரவுண்ட் எல்லாம் ஊருக்குப் புதியவருக்காகத்தான். அந்த இடத்தை அவர் கண்டதில்லை; ஆகவே சொல்பவர் நிலத்தின் வடிவத்தையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது.

அதையே நம் ஊரில் வழி கேட்பவருக்கு ஒரு பெரியவர் எப்படித் தருவார்? 'இந்த வாய்க்கால ஒட்டியே போனீங்கன்னா ஒரு பாலம் வரும். பாலத்தத் தாண்டினதும் ரோட்ட விட்டு எறங்கி, கொளத்தச் சுத்திப் போங்க. கோயில் வரும், அதுக்குப் பின்னாலதான்.' ஒட்டி என்றால் 'அலாங்'. தாண்டி என்றால் 'பாஸ்ட்'. விட்டு என்றால் 'ஆஃப்', சுற்றி என்றால் 'ரவுண்ட்'. ஆங்கிலத்துப் பிள்ளை வினைக்குப் பின்னால் வைக்கும் அதே செய்தியைத் தமிழ்ப் பிள்ளை வினைக்கு முன்னால் எச்சமாக வைக்கிறது. அங்கே சிறுசொல், இங்கே முழு வினை வேலையை முடிக்காமல் அடுத்த வினையிடம் கைமாற்றுகிறது. ஃப்ரேசல் வெர்ப் நமக்கு அந்நியமானது என்று சொல்லிச் சொல்லியே கற்பிக்கிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைத் தமிழில் சொல்லச் சொன்னால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு விளக்கை அணைப்பதற்கு ஏன் 'டர்ன் ஆஃப்' என்று கேட்டால், குழாயின் திருகைத் திருப்பித் தண்ணீரையும் வாயுவையும் நிறுத்திய காலத்திலிருந்து சொல்லலாம். அதுவும் திருப்புவதுதான்.

பெரியவரின் பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது. 'பாலம் வரும்' என்றார். ஆங்கிலத்தில் 'யூ வில் கம் டு எ பிரிட்ஜ்': நீங்கள் பாலத்துக்கு வருவீர்கள். தமிழில் பாலம் வருகிறது. கோயில் வருகிறது, டீக்கடை வருகிறது. நள்ளிரவுப் பேருந்தில் நடத்துநர் தட்டி எழுப்பும்போது 'திருச்சி வந்திருச்சு, எறங்குங்க' என்கிறார். ஆங்கிலேயரின் சாலையில் பயணிதான் போய்க்கொண்டே இருக்கிறார். திரும்புவதும் விலகுவதும் கடப்பதும் அவர் செயல். நம் சாலையில் பயணி நடக்கவும் நடக்கிறார், ஊர்களும் அவரைத் தேடி எதிரே வருகின்றன. ரயில் ஜன்னலில் முதன்முதலாக உட்கார்ந்த குழந்தை காண்பது எதுவோ, அதை வளர்ந்த பிறகும் வாக்கியத்தில் விடாமல் வைத்திருக்கிறோம். அது எனக்கு மிகவும் பிடிக்கிறது.

வாக்கிய வரிசையையும் சொல்லிவிட வேண்டும். ஏடுகளில் காணும் ஆங்கிலம் செயலை முதலில் சொல்லும்: 'டர்ன் லெஃப்ட்' என்று கட்டளை, அதன் பின்னால் இடம். தமிழில் இடம் வரிசையாக வந்து நின்ற பிறகே வினை வரும். படிக்கும் நாளில் இது தமிழின் குறை என்றுகூட எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வினைக்காகக் கடைசிவரை காத்திருக்க வேண்டுமாம். இன்று காரில் பேசும் வழிகாட்டிக் கருவியின் ஆங்கிலத்தைக் கேளுங்கள். 'இன் த்ரீ ஹண்ட்ரட் யார்ட்ஸ், டர்ன் லெஃப்ட்.' 'அட் த ரவுண்டபௌட், டேக் த செகண்ட் எக்ஸிட்.' இடம் முன்னால், செயல் பின்னால். எழுபது மைல் வேகத்தில் போகும் ஓட்டுநரிடம் 'திரும்பு' என்ற சொல்லை முதலில் சொன்னால் அவர் கை அங்கேயே திரும்பப் பார்க்கும். எங்கே என்பது காதில் விழுந்த பிறகே என்ன செய்வது என்பது விழ வேண்டும். பக்கத்து இருக்கையில் வரைபடத்தோடு உட்கார்ந்து வழி சொன்ன ஆங்கிலேயரும் அவசரத்தில் இந்த வரிசைக்கே வந்திருப்பார்: 'ஜஸ்ட் பாஸ்ட் த சர்ச், டர்ன் ஆஃப்.' சர்ச்சைத் தாண்டினதும் விலகு. இலக்கண நூல் எப்படிச் சொன்னாலும், ஓடும் வண்டியில் இரண்டு மொழியும் ஒரே வரிசையில்தான் வழி சொல்கின்றன.